இரண்டே நாளில்

முகப்பருவுக்கு என்று விற்கிற மருந்துகளில் உன்னைப் போல் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது வேறொன்று இல்லை. "ரெண்டே நாள்ல தெரியும்மா" என்றார் கடைக்காரர். இரண்டே நாளில் தெரிந்தது. புதன்கிழமை இரவு உன்னைப் பூசிக்கொண்டு படுத்த என் தங்கை, வெள்ளிக்கிழமை காலை கண்ணாடி முன்னால் நின்று, "அக்கா, இங்க வாயேன்" என்று கூப்பிட்டாள். கன்னத்தில் சிவந்து தடித்திருந்த ஐந்தாறு பருக்களும் அமுங்கியிருந்தன. தொட்டால் வலிக்கவில்லை. முகமே ஒரு சுற்று வெளுத்துத் தெரிந்தது. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா, "கலர் வந்துருச்சேடி!" என்றாள். எங்கள் வீட்டில் ஒரு பெண்ணுக்கு அதற்கு மேல் ஒரு பாராட்டு கிடையாது.

ஆகவே உன்னைப் புகழ்கிறேன், ஸ்டீராய்டு கலந்த களிம்பே. மிகையாக ஒரு சொல்லும் சேர்க்கப்போவதில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாலே உன் பெருமை முழுதும் விளங்கிவிடும்.

உன்னை அடைவதற்கு எவ்வளவு குறைந்த பாடு! விருதுநகர்ப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் தோல் டாக்டர் கிடையாது. மதுரைக்குப் போக வேண்டும். பஸ் ஏறி, டோக்கன் வாங்கி, பெஞ்சில் காத்திருந்து திரும்பினால் ஒரு நாள் போய்விடும். கூட வருகிற அம்மாவுக்கு அன்றைய கூலி போய்விடும். நீயோ பஸ் ஸ்டாண்டை ஒட்டிய மருந்துக்கடையில், காலேஜ் பஸ் வருவதற்கு முன்னால் இருந்த ஐந்து நிமிடத்தில் கிடைத்தாய். "அண்ணா, பருவுக்கு நல்லதா ஒண்ணு குடுங்கண்ணா." அவள் கேட்டது அவ்வளவுதான். எத்தனை நாளாகப் பரு இருக்கிறது, முதுகிலும் இருக்கிறதா, மாதவிலக்கு தள்ளிப் போகிறதா, வேறு மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாயா என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. நாலு ஆண்கள் நிற்கிற கடையில் பத்தொன்பது வயதுப் பெண்ணிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் விடுவதை அவள் மரியாதை என்றே எடுத்துக்கொள்வாள். என் தங்கையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். "ரெண்டு வாரத்துல சித்தப்பா வீட்டுக் கல்யாணம் இருக்குல்ல, அது முடிஞ்சதும் நிறுத்திருவேன்" என்றாள்.

மற்ற மருந்துகளை உன் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஒன்றுக்கும் உன் நயம் வராது.

பென்சாயில் பெராக்சைடு இருக்கிறது. 2.5 சதவீதமே போதும். 5, 10 என்று ஏற்றினால் பலன் பெரிதாகக் கூடாது, எரிச்சல்தான் கூடும். அந்த 2.5 சதவீதமும் முதல் வாரத்திலேயே மூக்கோரத்தைக் காயவைத்துத் தோலை உரிக்கும். தலையணை உறையில் பட்ட இடம் சாயம் போகும். பின்னாளில் அதைப் பூசிய என் தங்கை அப்பாவின் நீலத் துண்டில் முகம் துடைத்துவிட்டாள். வட்ட வட்டமாக வெளுத்த அந்தத் துண்டை அவர் இன்னும் தோளில் போட்டுக்கொண்டு திரிகிறார். ஆன்டிபயாடிக்குகளுக்கு எதிராகப் பழகிக்கொள்ளும் பருக்கிருமி இதற்கு எதிராக மட்டும் பழகுவதில்லை. அந்த நல்ல குணம் கண்ணாடியில் தெரியாதே. துண்டில் விழுந்த வெளுப்புதான் தெரியும்.

வைட்டமின் ஏ வழியில் வந்த அடாபலீனும் ட்ரெட்டினாயினும் அதைவிட முரடு. இரவில் பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்கத் தடவச் சொல்வார்கள். முதல் சில வாரங்கள் முகம் சிவக்கும், செதில் செதிலாக உரியும், சிலருக்கு இருந்த பருவைவிடக் கூடுதலாகவும் தெரியும். பலன் கண்ணுக்குத் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். கர்ப்பமாக இருப்பவர்களும் கர்ப்பத்துக்கு முயல்பவர்களும் இவற்றைத் தவிர்க்க வேண்டும். பல பெண்கள் சில வாரங்களிலேயே டியூபை மூலையில் போட்டுவிடுகிறார்கள் என்றால் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கல்யாண வீட்டுக்கு உரிந்த முகத்தோடு போனால் நாலு பேர் கேட்பார்கள்.

டாக்ஸிசைக்ளின் மாத்திரைக்கு ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் வேண்டும். விழுங்கியதும் படுக்கக் கூடாது. மாத்திரை உணவுக்குழாயில் தங்கினால் அங்கே புண்ணாகும். அதைச் சாப்பிடுகிற நாளில் வெயில் வழக்கத்தைவிடச் சுடும், எங்கள் ஊர் வெயிலில் அது சின்ன விஷயம் இல்லை. மூன்று மாதத்துக்கு மேல் நீட்டக் கூடாது, தனியாகவும் தரக் கூடாது, கிருமி பழகிவிடும் என்று தோல் டாக்டர்கள் அதற்கு வேலி போட்டு வைத்திருக்கிறார்கள்.

ஐசோட்ரெட்டினாயின், பரு மருந்துகளிலேயே பெரியது. 1982-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று வந்தது. எண்ணெய்ச் சுரப்பியையே சுருக்கிவிடும். முகத்தைக் குழிகுழியாக்கும் கட்டிப் பருக்களை நீண்ட காலத்துக்கு அடக்கக்கூடியது அதுதான். ஆனால் எவ்வளவு கெடுபிடி! உதடு வெடிக்கும், கண் காயும், சிலருக்கு மூக்கில் ரத்தம் கசியும். ரத்தத்தில் கொழுப்பையும் கல்லீரலையும் பார்க்க வேண்டும். மனநிலை மாறுகிறதா என்று வீட்டார் கவனிக்க வேண்டும். அதைச் சாப்பிடும் காலத்திலும் நிறுத்திய பின் ஒரு மாதமும் கருத்தரிக்கக் கூடாது, தரித்தால் குழந்தை கடுமையான குறைகளோடு பிறக்கும் ஆபத்து உண்டு. அமெரிக்காவில் 2006 முதல் இதற்கென்றே ஒரு பதிவு முறை வைத்து, கருத்தரிக்கக்கூடிய பெண்களுக்கு மாதந்தோறும் கர்ப்பப் பரிசோதனை பார்த்துத்தான் தருகிறார்கள். மொத்தத்தில் உடல் எடைக்குக் கிலோவுக்கு 120 முதல் 150 மில்லிகிராம் வரை உள்ளே போக வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. 50 கிலோ எடையுள்ள பெண் தினம் 20 மில்லிகிராம் சாப்பிட்டால் 300 நாளுக்குக் குறையாது.

அங்கே முந்நூறு நாள், உன்னிடம் இரண்டு நாள். அங்கே வெடித்த உதடு, உன்னிடம் வெளுத்த கன்னம். அந்த வெள்ளிக்கிழமை காலை எங்கள் வீட்டில் தராசைப் பிடித்திருந்தால் நீதான் ஜெயித்திருப்பாய். எனக்கும் சந்தேகம் வந்திருக்காது. ஒளிக்காமல் சொல்கிறேன், அடுத்த வாரம் என் மூக்கில் வந்த ஒரு பருவுக்கு நானே அவளிடம் உன்னைக் கேட்டு வாங்கிப் பூசினேன்.

இப்போது நினைத்துப் பார்க்கையில் ஒன்று புரிகிறது. அந்த முரட்டு மருந்துகள் எல்லாம் கெடுதலை முதலில் காட்டுகின்றன. கண்ணுக்குக் காட்ட முடியாததை அட்டையில் அச்சடித்து, டாக்டர் வாயால் சொல்லவைத்து, கையெழுத்தும் வாங்கிக்கொள்கின்றன. நன்மை பிறகு மெல்ல வருகிறது. எரிகிறதே, உரிகிறதே, தொடரலாமா, விட்டுவிடலாமா என்று நாம் யோசிக்க இடம் இருக்கிறது. நீ நன்மை முழுவதையும் முதல் வாரத்திலேயே தந்துவிட்டாய். மறு தட்டில் வைக்க வேண்டியதை மாதக் கணக்கில் உன்னிடமே வைத்திருந்தாய். ஒரு தட்டை மட்டும் பார்த்து நிறுத்தவர்கள் நாங்கள்.

உன் வேலைத்திறனையும் சொல்ல வேண்டும். பரு என்பது எண்ணெய் மிகுந்து, மயிர்க்கால் வாய் அடைத்து, உள்ளே கிருமி பெருகி, அதை எதிர்க்க உடம்பு ஆள் அனுப்பும்போது வருகிற சிவப்பும் வீக்கமும். எண்ணெயை நீ தொடவில்லை. அடைப்பை எடுக்கவில்லை. கிருமியைக் கொல்லும் சக்தி ஸ்டீராய்டுக்கு இல்லை. உடம்பு அனுப்பிய காவல் ஆட்களைத் திருப்பி அனுப்பினாய். சண்டைச் சத்தம் நின்றதை நாங்கள் சமாதானம் என்று நினைத்துக்கொண்டோம்.

அம்மா பார்த்த அந்தக் 'கலர்' உனக்குத் தற்செயலாக வாய்த்ததும் அல்ல. 1962-இல் மெக்கன்சி, ஸ்டவ்டன் என்ற இருவர் இந்தக் களிம்புகளின் வீரியத்தை அளக்க ஒரு வழி சொன்னார்கள். தோலில் பூசினால் நுண்ணிய ரத்தக் குழாய்கள் சுருங்கி அந்த இடம் வெளிறும். எவ்வளவு வெளிறுகிறதோ அவ்வளவு வீரியம். அந்த அளவில் குளோபெட்டசால் என்ற ஸ்டீராய்டு, ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டைப் போல் சுமார் 600 மடங்கு என்பார்கள். வெளுப்புதான் உன் பலத்துக்கு அளவுகோல். கறுத்த பெண்ணைக் கல்யாணச் சந்தையில் குறைத்து மதிக்கிற ஊரில், பலத்தை வெளுப்பால் அளக்கிற மருந்து வந்து சேர்ந்தால் அது கடைக்காரர் சிபாரிசு இல்லாமலே விற்கும். என் அம்மா கெட்டவள் இல்லை. தன் நிறத்துக்காகத் தான் பட்டதை மகள் படக் கூடாது என்று நினைத்தவள்.

உன் குலம் பெரிய குலம். 1952-இல் சல்ஸ்பர்கரும் விட்டனும் ஹைட்ரோகார்ட்டிசோனைத் தோலில் பூசிப் பலன் கண்டதிலிருந்து கரப்பானால் இரவெல்லாம் சொறிந்துகொண்டிருந்த குழந்தைகள் தூங்கியிருக்கிறார்கள். சொரியாசிஸ்காரர்கள் கைநீட்டுச் சட்டையைக் கழற்றியிருக்கிறார்கள். எந்த வீரியம், எந்த இடம், எத்தனை நாள் என்று தெரிந்தவர் எழுதிக் கொடுக்கும்போது நீ செய்கிற உதவியை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அதே குலத்தில் பிறந்த நீ, பருவுக்குரியவன் அல்லாத நீ, எங்கள் ஊர்ப் பருவையெல்லாம் ஏற்றுக்கொண்டாய்.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. போட்டோவில் என் தங்கை முகம் துடைத்த வெண்கலம் போல இருக்கிறாள். சொன்னபடி நிறுத்தினாள். மூன்றாம் நாள் முகம் சிவந்து அரித்தது, பழைய பருவோடு புதிது நாலு வந்தது. பூசினாள், அடங்கிவிட்டது. உன்னை விட்டால்தான் கெடுகிறது, பூசினால் நன்றாகிறது என்றால் உன்னை யார் சந்தேகப்படுவார்கள்? அவள் தன் தோலைச் சந்தேகப்பட்டாள், தலையணையைச் சந்தேகப்பட்டாள், காலேஜ் தண்ணீரைச் சந்தேகப்பட்டாள். முட்டையை விட்டாள், பாலை விட்டாள். உன்னை மட்டும் விடவில்லை. இந்த அளவு விசுவாசத்தை வேறெந்த மருந்தும் அவளிடம் பெற்றதில்லை.

ஒரு டியூப் ஒரு மாதம் வந்தது, பிறகு இருபது நாள், பிறகு பன்னிரண்டு. ஐந்தாவது மாதம் கன்னத்தில் சிவப்பு நூல் ஓடினாற்போல ரத்தக் குழாய்கள் தெரிந்தன. காதோரத்திலிருந்து தாடை வரை பூனை மயிர் அடர்ந்தது. பரு என்றால் ஒன்று பழுத்திருக்கும், ஒன்று காய்ந்திருக்கும், ஒன்று இப்போதுதான் தலைகாட்டும். இவளுக்கு வந்ததோ எல்லாம் ஒரே நாளில் விதைத்த மாதிரி ஒரே அளவில் பொடிப்பொடியாக முகம் நிறைய. ஸ்டீராய்டால் வருகிற பருவின் அடையாளம் அது என்று பிறகு தெரிந்துகொண்டோம். பருவுக்காக வந்த நீ பருவையே கொண்டுவந்து கொடுத்தாய். அதையும் நீயே வந்து அமுக்கினாய். தோல் சிகரெட் காகிதம் போல மெலிந்து, அடுப்பு முன்னால் நிற்க முடியாமல் போனது. மதிய வெயிலில் பஸ்ஸுக்கு நின்றவள் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொள்ளத் தொடங்கினாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் காதல் விவகாரம் என்று பேசினார்கள்.

உன் பிடியைப் பற்றி இவ்வளவு காலமாக யாரும் எச்சரிக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், ஒரு ஸ்டீராய்டு மூன்றையும் கலந்து மங்குக்குத் தரும் முறையை 1975-இல் வெளியிட்டவர்களில் ஒருவர் ஆல்பர்ட் கிளிக்மன். அதே கிளிக்மன் நாலு வருடம் கழித்து, 1979-இல், ஃப்ராஷ் என்பவரோடு சேர்ந்து எழுதிய கட்டுரைக்கு வைத்த தலைப்பு 'ஸ்டீராய்டு அடிமைத்தனம்'. பூசினால் அடங்கும், விட்டால் பற்றி எரியும், மறுபடி பூச வைக்கும் என்று என் தங்கைக்கு நடந்தது அவள் பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. அந்த மூன்றின் கலவை இன்றும் எங்கள் ஊர்க் கடைகளில் சிவப்பழகுக் களிம்பாகப் போய்க்கொண்டிருக்கிறது.

2011-இல் இந்தியத் தோல் மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நாடெங்கும் 12 மருத்துவ மையங்களில், முகத்தில் கோளாறு என்று வந்த 2,926 பேரைப் பார்த்ததில் 433 பேர் உன் இனத்துக் களிம்பை முகத்தில் பூசிக்கொண்டிருந்தவர்கள். அவர்களில் 257 பேருக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவர் டாக்டரே அல்ல. பக்கவிளைவு எத்தனை பேருக்கு என்ற இடத்தில் நான் சற்று நேரம் நின்றுவிட்டேன். 433 பேருக்கும். ஏழை, பணக்காரர், ஆண், பெண் என்று நீ பேதம் பார்க்கவில்லை, ஒருவரையும் விட்டுவிடவில்லை. அதிகம் பேருக்கு வந்த பக்கவிளைவு எது என்றால், பரு. 225 பேருக்குப் பரு புதிதாக வந்தது அல்லது இருந்தது கூடியது. இப்படிக் கெட்ட முகத்துக்கு நம் நாட்டுத் தோல் மருத்துவர்கள் தனியாக ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள்: ஸ்டீராய்டால் சேதமடைந்த முகம்.

கடைசியில் தங்கையை மதுரைக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் அம்மா அவள் முகத்தைப் பார்த்ததும் பருவைப் பற்றிக் கேட்கவில்லை. "என்ன போட்ட?" என்றார். அதட்டவில்லை. "சிலருக்கு வீரியம் குறைச்சுக் குறைச்சு விடுவேன். உனக்கு இன்னையோட நிறுத்திருவோம். நிறுத்தினா ஜாஸ்தியாகும்மா. அதுக்குப் பயந்து மறுபடி போட்டேன்னா, முதல்லேருந்து ஆரம்பிக்கணும்" என்றார். சோப்பு வேண்டாம், மென்மையான கிளென்சர், மாய்ஸ்சரைசர், சன்ஸ்க்ரீன், கொஞ்ச நாள் டாக்ஸிசைக்ளின், எரிச்சலுக்கு டாக்ரோலிமஸ். பரு மருந்து எதுவும் தோல் தேறும் வரை கிடையாது.

நாலாம் நாள் முகம் வீங்கிக் கண் சிறுத்துவிட்டது. மிளகாய் அரைத்துப் பூசினாற்போல எரிகிறது என்றாள். ஈரத் துணியைப் போட்டுக்கொண்டு மின்விசிறிக்குக் கீழே தரையில் படுத்திருப்பாள். கரண்ட் போகும்போது நானும் அம்மாவும் மாற்றி மாற்றி விசிறினோம். பத்தாம் நாள் இரவு, "ஒரே ஒரு தடவை போட்டுக்கிறேன்க்கா, தூங்கணும்க்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் கொடுக்கவில்லை. அன்று அவளுக்கு உன்னைப் போல் நல்லவன் உலகத்தில் யாரும் இல்லை, என்னைப் போல் கொடியவளும் இல்லை. ஏழாவது வாரம் எரிச்சல் தணிந்தது. ஒரு செமஸ்டர் போனது. கன்னத்துச் சிவப்பு நூல்களில் சில இன்றும் இருக்கின்றன.

உன்னை அடக்கச் சட்டமும் முயன்றது. டாக்டர் சீட்டுக்குத்தான் விற்க வேண்டிய மருந்துகளின் பட்டியலில், தோல்மேல் பூசும் ஸ்டீராய்டுகளுக்கு நெடுநாளாக இருந்த விலக்கை 14 ஸ்டீராய்டுகளின் விஷயத்தில் மத்திய சுகாதார அமைச்சகம் 2018 மார்ச்சில் நீக்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் 328 கூட்டு மருந்துகளைத் தடை செய்தது. ஸ்டீராய்டோடு பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாடிக்கும் கலந்த களிம்புகளும் அதில் அடங்கும். நீ அசரவில்லை. போன மாதம் அதே பஸ் ஸ்டாண்டில் ஒரு கடையில் அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை வாங்க நின்றேன். மீசை அரும்பிய ஒரு பையன், "அண்ணே, பருவுக்கு ஏதாச்சும்" என்றான். சீட்டு கேட்கவில்லை. கை தானாக இரண்டாவது தட்டுக்குப் போனது. "ரெண்டே நாள்ல தெரியும் தம்பி."

அவனை ஓரமாகக் கூப்பிட்டேன். "தம்பி, பின்னாடி சின்ன எழுத்துல என்ன பேர் போட்ருக்குன்னு படி. பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால், ஃப்ளூசினோலோன்னு ஏதாச்சும் இருந்தா அதைப் பருவுக்குப் போடாத" என்றேன். டியூபைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "குளோபெட்டசால்னு இருக்குக்கா. அவ்வளவு மோசமா? என் ஃப்ரெண்டுக்கு நல்லா கேட்டுச்சே" என்றான். நல்லா கேட்டுச்சு என்பதை நான் மறுக்கவில்லை. மதுரை டாக்டர் மேசையைப் பற்றி மட்டும் அவனிடம் சொன்னேன்.

இதுவரை முகத்தில் போட்ட எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வா என்று டாக்டர் சொல்லியிருந்ததால், தங்கை ஒரு துணிப்பை நிறையக் கொண்டுபோனாள். உனக்கு முன்னால் யாரோ சொல்லி வாங்கிய அடாபலீன் டியூப் முக்கால் வாசி அப்படியே இருந்தது. தோழி கொடுத்த பென்சாயில் பெராக்சைடில் ஒரு விரல் அளவுதான் குறைந்திருந்தது. உன் டியூபுகள் பதினொன்று. ஒவ்வொன்றும் வாலிலிருந்து சுருட்டி, மூடி வரை நசுக்கி இறுக்கியிருந்தது. கடைசி டியூபை மட்டும் டாக்டர் கையில் எடுத்து உற்றுப் பார்த்தார். அதை பிளேடால் நடுவே நீளமாகக் கீறி, விரித்து, உள்ளே ஒட்டியிருந்ததையும் என் தங்கை வழித்து எடுத்திருந்தாள்.